சீமைக்கருவேலம் வெட்ட செயின்சா வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தாத்தா விட்டுட்டுப் போன மானாவாரி நிலம் சீமைக்கருவேலங்காடா கிடக்கா? போனஸ் வந்ததும் 58 சிசி, 22 இன்ச் பார் போட்ட செயின்சாவை இஎம்ஐ-ல வாங்கிடாதீங்க.

பெரிய பார் இருந்தா கெத்துன்னு நினைக்காதீங்க. கருவேலம் தூர்லேயே பல கிளையா பிரியும். பெரும்பாலான தண்டுக்கு 16 இன்ச் பார் தாராளம். நீளம் கூடினா எடையும் கூடும், செயின் விலையும் கூடும். மரச்சிற்ப வீடியோக்கள்ல வர்ற கூர்முனை பார் நுணுக்க வேலைக்கு. மரம் வெட்ட ஆகாது. மாத்துச் செயின் வாங்கும்போது பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூணும் பொருந்தணும்.

இப்போ கணக்குக்கு வருவோம். மெஷின், மாத்துச் செயின், ஆயில், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து உதாரணத்துக்கு 20,000 ரூபாய்னு வைங்க. லீவுல 4 நாள்தான் வெட்டப் போறீங்கன்னா, ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்! உங்க ஊர்ல ஆளோட மெஷின் வாடகை எவ்வளவுன்னு கேட்டு ஒப்பிடுங்க.

இன்னொரு விஷயம். வெறுமனே அறுத்துவிட்டா தூர்ல இருந்து மறுபடி துளிர்க்கும். வேரோட எடுக்க ஜேசிபி வேணும். அந்தச் செலவுக்குக் காசு மரத்துலயே இருக்கு. கரிமூட்டம் போடுறவங்க கருவேலத்தை விலைக்கு எடுப்பாங்க. மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பேர்கிட்ட விலை கேளுங்க. வர்ற பணத்தை வேர் எடுக்கப் போடுங்க.

உங்க ஊர் வாடகை எவ்வளவு? கமென்ட்ல சொல்லுங்க!