தண்ணீர் வரைந்த கோடு

கேரளத்தின் நெய்யாறு அணையில் கோடைக்குத் தண்ணீர் இறங்கும்போது கரையோர மண்ணில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள் தெரியும். ஒவ்வொன்றும் நீர் சில நாள் நின்ற மட்டம். அந்த வரிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குன்று துருத்தும் இடத்தில் வரி ஏரிப்பக்கம் வளையும், ஓடை வந்து விழும் இடத்தில் மலைப்பக்கம் நுழையும். வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் நெளியும் சம உயரக் கோடு என்பது இதுதான்.

பள்ளிப் பாடங்களில் திசை, குறியீடு, அளவுகோல் என்று தொடங்கிக் கடைசியில்தான் இந்தக் கோட்டுக்கு வருகிறார்கள். இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சாலையும் ஊரும் எங்கே இருக்கின்றன என்பதை மற்ற குறிகள் சொல்லும். அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பதைப் பழுப்புக் கோடுதான் சொல்லும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். வளைந்து போகும் சாலையை அளக்க, அதன்மேல் ஒரு நூலைப் படியவைத்து, பிறகு நீட்டி அளந்தால் போதும். பழைய வரிசை எண்களில் காட்டாக்கடையும் நெய்யாறு அணையும் அகத்தியர்கூடமும் 58 எச்/2 என்ற தாளில் வரும். காட்டாக்கடை அதன் தென்விளிம்பை ஒட்டியே இருக்கிறது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, ஆறு கடலில் சேரும் பூவாறு எல்லாம் அடுத்த தாளான 58 எச்/3இல். ஒரே ஆற்றைப் படிக்க இரண்டு தாள்களைச் சேர்த்து வைத்தாக வேண்டும்.

கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர். ஐந்தாவது கோடுதோறும் தடித்திருக்கும், அதாவது 100 மீட்டருக்கு ஒன்று. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்தின் சரிவில் அவை நெருங்கி நெருங்கித் தாளே பழுப்பாகத் தெரியும். காட்டாக்கடைப் பக்கம் இறங்கியதும் விலகிவிடுகின்றன. அங்கே நிலம் குன்றும், குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் வயலான ஏலாவுமாக மாறி மாறி வரும். கோடு கூராக மடங்கும் இடத்தைப் பாருங்கள். கூர்முனை மேட்டை நோக்கி இருந்தால் அது பள்ளம், தண்ணீர் வடியும் வழி, பெரும்பாலும் ஓர் ஏலா. முனை தாழ்வை நோக்கி இருந்தால் அது மேட்டின் முதுகு; ரப்பரும் மரச்சீனியும் நிற்கிற இடம்.

ஒன்றை மறக்கக்கூடாது. இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர் உயரக் குன்று ஒன்று முழுதாக ஒளிந்துகொள்ள முடியும். தாளில் வெறுமையாகத் தெரிவதாலேயே அந்த இடம் சமதரை ஆகிவிடாது. மூச்சிரைக்க ஏறுகிற எத்தனையோ மேடுகள் இப்படித் தாளில் ஏறாமலே போய்விடும்.

இனி நெய்யாறு இடதுகரைக் கால்வாயைத் தாளில் தொடர்ந்து போங்கள். நேர்வழியை விட்டு ஏன் இப்படிச் சுற்றுகிறது? தண்ணீர் தானாக ஓட வேண்டும், அதே நேரத்தில் உயரத்தை வீணாக்கவும் கூடாது. அதனால் கால்வாய் சம உயரக் கோட்டை ஒட்டியே மிக மெல்லச் சரிந்துகொண்டு மேடுகளைச் சுற்றிப் போகிறது. பெரிய பள்ளம் குறுக்கிட்டால் பாலம் கட்டித்தான் மட்டத்தைக் காக்க வேண்டும். வேறொரு கால்வாய்க்காகப் பறளியாற்றின் மேல் 1960-களில் கட்டப்பட்ட, 115 அடி உயரமுள்ள மாத்தூர் தொட்டிப்பாலம் நிற்பது இந்தக் காரணத்துக்காகத்தான்.

இடதுகரைக் கால்வாய் போய்ச் சேர்வது விளவங்கோடு தாலுகாவுக்கு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக்கோடு மனிதர்கள் முடிவு செய்தது. கால்வாயின் வழியை முடிவு செய்தது நிலத்தின் சரிவு. 2004-இல் தமிழ்நாட்டுப் பக்கத்துக்குத் தண்ணீர் வருவது நின்றது. 2012-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் பார்ப்பவருக்கு அந்தச் சிக்கலின் வேர் கண்ணெதிரே தெரியும்.

தாளின் ஓரத்தில் அளவெடுத்த ஆண்டு இருக்கும். அதைப் படிக்காமல் மேலே போகாதீர்கள். அணை 1958-இல் வந்தது. அதற்கு முந்திய வரைபடத்தில் ஏரி இருக்காது, மூழ்கிய பள்ளத்தாக்கே இருக்கும். 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரை அளந்த வார்டும் கானரும் கண்டது அந்தப் பள்ளத்தாக்கைத்தான். காட்டாக்கடை தனித் தாலுகா ஆனது 2014-இல். பழைய தாளில் அந்த எல்லையைத் தேடிப் பயனில்லை.

தாளை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். மழை விட்டு வானம் தெளிந்த காலையில், காட்டாக்கடைப் பக்கத்தில் உயரமான குன்றொன்றில் நின்றால் வடகிழக்கே அகத்தியர்கூடம் தெரியும். தாளில் நீங்கள் நிற்கும் இடத்தையும் மலைமுடியையும் இணைத்துப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு மலையை நேராகக் காட்டும் வரை தாளைத் திருப்புங்கள். திசைகாட்டி இல்லாமலே தாளின் வடக்கு நிலத்தின் வடக்கோடு பொருந்திவிடும். பிறகு அருகிலுள்ள ஏலா ஒன்றைத் தேர்ந்து, கோடு எந்தப் பக்கம் மடங்குகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒத்துப்பாருங்கள்.