பிரேக்கர் விழுந்தால் கோபப்படாதீர்கள்

"மொதலாளி, வீட்டுல ஆறு ஆம்பியர் பிரேக்கர் சும்மா சும்மா விழுதுங்க. பெரிசா ஒண்ணு குடுங்க."

கண்டி டவுனில் மின்சாதனக் கடைகளில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கடைக்காரரும் இருபது ஆம்பியர் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். விலையில் பெரிய வித்தியாசமும் இருக்காது. வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினால் அதன் பிறகு பிரேக்கர் விழுவதில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து அந்தக் காம்பராவில் ஓடுகிற வயருக்குக் காவல் இல்லாமல் போய்விடுகிறது.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: பிரேக்கர் இருப்பது கேத்தலையோ டீவியையோ காப்பாற்ற அல்ல. வயரைக் காப்பாற்றத்தான். ஆகவே எந்தப் பொருள் வாங்குகிறோம் என்று பார்த்துப் பிரேக்கர் வாங்கக் கூடாது. எந்த வயர் போட்டிருக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பழைய லயம், புதிய பாரம்

விக்டோரியா அணையின் நிலையம் 1985 முதல் நாட்டுக்குக் கரண்டு தருகிறது. அதன் அளவு 210 மெகாவாட். இவ்வளவு கரண்டு பிறக்கிற நமது கண்டி மலைகளில், தெல்தோட்டை, கலஹா, புஸ்ஸல்லாவை, மடுல்கலைப் பக்கத்துப் பழைய லயங்கள் கட்டப்பட்ட காலத்தில் குப்பி விளக்குதான் எரிந்தது. வயரிங் எல்லாம் பின்னால் வந்தது. அதுவும் காம்பராவுக்கு இரண்டு பல்ப்பு என்ற கணக்கில்தான்.

அதன் பிறகு டீவி வந்தது, ரைஸ் குக்கர், கேத்தல், அயர்ன், வாளித் தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டர் என்று ஒவ்வொன்றாக வந்தன. பல வீடுகளில் இவற்றுக்கென்று தனி வயர் இழுக்கவில்லை. பல்ப்புக்குப் போன வயரிலேயே ஒரு பிளக் பொயின்ட்டைத் தொடுத்துவிட்டார்கள். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கட்டியவர்களும் பிறகு குசினியோ அறையோ சேர்க்கும்போது இதையே செய்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

நமது வீட்டுக் கரண்டு 230 வோல்ட். பொருளில் எழுதியிருக்கும் வாட்டை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். 2000 வாட் கேத்தல் ஒன்றுக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர் போகும். 1500 வாட் ஹீட்டருக்கு ஆறரை, 1000 வாட் அயர்னுக்கு நாலரைக்குச் சற்றுக் குறைவு.

காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரம். பிள்ளை ஸ்கூல் உடுப்புக்கு அயர்ன் பிடிக்கிறது. தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதிக்கிறது. குளிக்க வாளியில் ஹீட்டர் கிடக்கிறது. மூன்றும் சேர்ந்தால் 4500 வாட். அதாவது இருபது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு.

லைட்டுக்குப் போடும் 1/1.13 வயர் (ஒரு சதுர மில்லிமீட்டர்) தாங்குவது, அது போகும் விதத்தைப் பொறுத்து, சுமார் 11 முதல் 15 ஆம்பியர் வரைதான். ஆறு ஆம்பியர் பிரேக்கர் இருந்தால் கொஞ்ச நேரத்தில் விழுந்து "இது முடியாது" என்று சொல்லிவிடும். இருபது ஆம்பியர் மாட்டியிருந்தால் அது விழவே விழாது. வயர் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். கரண்டு இரண்டு மடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம். சாதாரண பி.வி.சி. வயரின் உறை 70 பாகை செல்சியசுக்கு மேல் தொடர்ந்து தாங்காது. உறை இளகி, வெடித்து, ஒருநாள் மின்னொழுக்கு ஏற்படும்.

லயத்தில் இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. ஒரே கூரை, ஒரே மரச்சட்டம். ஒரு காம்பராவில் பிடித்த தீ அடுத்த காம்பராவின் இஸ்தோப்புக்கு வர அதிக நேரம் ஆகாது. எல்லோரும் மலையில் கொழுந்து பறிக்கும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அதோடு போய்விடும்.

புதிய சர்க்கிட் எடுக்கும்போது

கேத்தல், ஹீட்டர் போன்றவற்றுக்குப் பிரேக்கர் பெட்டியிலிருந்தே தனி வயர், தனி பிரேக்கர் வேண்டும். பொதுவான பொருத்தம் இதுதான்:

லைட்டுக்கு: 1/1.13 வயர், 6 ஆம்பியர் பிரேக்கர்.

13 ஆம்பியர் பிளக் பொயின்ட்டுக்கு: 7/0.67 வயர் (இரண்டரை சதுர மில்லிமீட்டர்), 16 ஆம்பியர். வயர் நல்லபடி போடப்பட்டிருந்தால் 20 வரை.

தண்ணீர் சுடவைக்கும் பெரிய சாதனத்துக்கு: 7/0.85 வயர் (நான்கு சதுர மில்லிமீட்டர்), 20 ஆம்பியர். இது அந்தச் சாதனத்துக்கு மட்டும்.

நடுவில் ஓர் இடத்தில் மெல்லிய வயர் ஒட்டுப் போட்டிருந்தால் முழுச் சர்க்கிட்டும் அந்த மெல்லிய வயரின் கணக்குத்தான். பெட்டிக்குள் பார்ப்பது மட்டும் போதாது.

இன்னொன்று. ஒற்றைக் கட்ட இணைப்பு பெரும்பாலும் 30 ஆம்பியர். எத்தனை பிரேக்கர் மாட்டினாலும் மொத்தம் 6900 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. உங்கள் இணைப்பிலிருந்து அடுத்த காம்பராவுக்கு வயர் இழுத்துக் கொடுப்பதும் கூடாது. உதவி செய்கிறோம் என்று இரண்டு வீட்டுக்கும் ஆபத்தைத் தேடிக்கொள்கிறோம்.

பிரேக்கரில் எழுதியிருப்பது என்ன?

எண்ணுக்கு முன்னால் பி அல்லது சி என்ற ஆங்கில எழுத்து இருக்கும். வயர்கள் ஒன்றோடொன்று முட்டும்போது எவ்வளவு கரண்டில் உடனே விழும் என்பதை அது காட்டுகிறது. பி என்றால் எண்ணின் 3 முதல் 5 மடங்கு, சி என்றால் 5 முதல் 10 மடங்கு. டிரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில் இருக்கும் லயங்களுக்கு நீண்ட வயரில் கரண்டு வருவதால், முட்டும்போதும் அவ்வளவு பெரிய கரண்டு ஓடாமல் போகலாம். ஆகவே லைட்டுக்கும் சாதாரண பிளக்குக்கும் பி நல்லது. தண்ணீர் மோட்டார் போன்றவை ஆரம்பிக்கும்போது கரண்டைக் கூடுதலாக இழுக்கும். அவற்றுக்குத்தான் சி. எதை வாங்குவது என்று எலக்ட்ரீசியனைக் கேட்டு வாங்குங்கள். கட்டத்துக்குள் 6000 என்ற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எழுத்தும் எண்ணும் இல்லாத மலிவுப் பிரேக்கர் வேண்டாம்.

ட்ரிப் சுவிட்ச் வேறு, பிரேக்கர் வேறு

கரண்டு அடித்தால் ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். அதில் 30 மில்லி ஆம்பியர் என்று இருக்க வேண்டும். பிரேக்கர் இந்த வேலையைச் செய்யாது. ட்ரிப் சுவிட்ச் பிரேக்கரின் வேலையைச் செய்யாது. இரண்டும் வேண்டும். எர்த் கம்பியும் வேண்டும். புதிய சர்க்கிட்டின் நியூட்ரல் வயரும் ட்ரிப் சுவிட்சைத் தாண்டிய பின்னரே எடுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் பிளக் குத்தியதும் அது விழும்.

மழைக்காலத்தில் சுவர் ஈரமாகி ட்ரிப் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேராக வயர் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. மாதம் ஒருமுறை அதிலுள்ள சின்னப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்ற வேண்டும்.

பிரேக்கர் விழுந்தால் செய்ய வேண்டியது

பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒருமுறை மட்டும் தூக்கிப் பாருங்கள். மீண்டும் விழுந்தால் விட்டுவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பிளக் சுடுவது, கருகிய வாடை, பல்ப்பு மங்கி மங்கி எரிவது ஆகியவையும் எச்சரிக்கைதான். பெட்டியைத் திறந்து சர்க்கிட் சேர்ப்பது சான்றிதழ் உள்ள எலக்ட்ரீசியனின் வேலை. மீட்டரின் சீலில் யாரும் கை வைக்கக் கூடாது.

அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு அல்ல. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் போக்குவரத்துச் செலவையும் பங்கு போடலாம். அவர் வரும்வரை காலையில் ஹீட்டரையும் கேத்தலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். பத்து நிமிடம் முந்தி எழும்ப வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.