முடியாதுண்ணே: கம்போங் மேடானில் ஒரு ஞாயிறு வகுப்பு

“அட்டைய மட்டும் குடுடா. ஒரே மாசம். ஐந்நூறு வெள்ளி ஒனக்கு.”

கேட்பவனுக்குப் பதினாறு வயது. கறுப்புக் கண்ணாடியை மண்டைமேல் ஏற்றிக்கொண்டு, குரலைக் கட்டையாக்கி, ‘அண்ணன்’ வேடம் போடுகிறான். எதிரே நிற்பவன் ஒரு வயது மூத்தவன். மறுக்க வேண்டியது அவன் வேலை. மறுக்க வரவில்லை. சிரிக்கிறான், பிடரியைச் சொறிகிறான். கடைசியில், “அம்மாவக் கேட்டுச் சொல்றேண்ணே” என்கிறான்.

“தப்பு” என்கிறார் டீச்சரம்மா. “அம்மாவக் கேக்கறேன்னா என்னா அர்த்தம்? நாளைக்கு வாங்கன்னு அர்த்தம். மறுபடி சொல்லு.”

கீழே மோட்டார் பட்டறை, மேலே சபை. கம்போங் மேடானில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடி அது. வெளிச்சுவரில் சிலுவை கிடையாது. 2015இல் இந்த வட்டாரத்துச் சபை ஒன்றின் சிலுவையை இறக்கச் சொல்லி நடந்த போராட்டம் நினைவிருப்பவர்களுக்குக் காரணம் தெரியும். ஆராதனை முடிந்து, பசியாறிய நாசி லெமாக் பொட்டலங்களைச் சுருட்டிக் கூடையில் எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் பதினொரு பேர். பாதிப் பேர் டேசா மெந்தாரி அடுக்குமாடிப் பிள்ளைகள். 2001 மார்ச் மாதத்தில் இங்கே நடந்த இனக்கலவரத்தை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகள் எல்லாரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

‘கிறிஸ்தவக் கல்வி இளையோரை வாழ்க்கைக்குத் தயார்ப்படுத்துகிறதா?’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சுற்றிப் பார்த்தேன். வசனம் ஒப்பித்தல், விடுமுறை முகாம், கித்தார் வகுப்பு, வேதாகம வினாடிவினா எல்லாம் நன்றாகவே நடக்கின்றன. எழுதத்தான் ஒன்றுமில்லை. மனம் திரும்பத் திரும்ப இந்த மாடிக்கே வந்து நின்றது.

நம் பாட்டன் காலத்தில் இந்தத் தலைப்புக்கே இடமிருந்திருக்காது. கிள்ளானில் 1893இலும் கோலாலம்பூரில் 1897இலும் மெதடிஸ்ட்டுகள் பள்ளி திறந்தார்கள். புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899. செயின்ட் ஜான்ஸ் 1904. பையன் அங்கே படித்து ஆங்கிலத்தில் கடிதம் எழுதக் கற்றால் ரயில்வேயிலோ அரசாங்க ஆபீசிலோ நாற்காலி கிடைக்கும். நாற்காலி கிடைத்தால் பெண் கிடைக்கும். மிஷன் பள்ளிகள் எப்படி அரசாங்கக் கல்வி முறைக்குள் போயின என்பது பழைய கதை. பிறகு 1980களில் நன்னெறிக் கல்வி தனிப் பாடமாக வந்தது. எஸ்பிஎம் தேர்வில் பைபிள் நாலெட்ஜ் தாள் இன்னும் இருக்கிறது. லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும்தான் பாடம். எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர். ஆக, வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொண்ட ஞாயிறு வகுப்பின் தலையில் முழுப் பாரமும் வந்து விழுந்திருக்கிறது.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் கற்பது என்ன? கீழ்ப்படிதல். தாய் தகப்பனுக்கு, போதகருக்கு, மூப்பருக்கு, வயதில் பெரியவர் யாராக இருந்தாலும் அவருக்கு. அடுத்தபடியாகக் கற்பது உதவுதல்: கேட்கிறவனுக்குக் கொடு, முகம் சுளிக்காதே. இரண்டும் நல்லவைதான். ஆனால் பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை இந்த இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கீழே பட்டறைப் பக்கம் இறங்கினால் என்ன ஆகும்? மோசடிக்காரன் தேடிக்கொண்டிருப்பதே அவனைத்தான். மூத்தவன் சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டான், கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டான். மோசடிப் பணத்தைக் கைமாற்ற இரவல் வாங்கும் ‘கழுதைக் கணக்கு’க்கு இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பான்?

இந்த நாட்டில் ஐசி என்னும் அடையாள அட்டை 12 வயதில் கைக்கு வருகிறது, 18இல் மாற்றப்படுகிறது. 2021 டிசம்பரிலிருந்து அந்த வயதில் ஓட்டும் தானாக வந்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் உரிமையும் அப்போதுதான். முதல் சம்பளத்துக்காகத் திறந்த வங்கிக் கணக்கு, அதன் அட்டை, ரகசிய எண் எல்லாவற்றையும் ‘ஒரு மாசத்துக்கு’ அண்ணனிடம் கொடுத்தால், எங்கோ ஓர் ஓய்வூதியக்காரர் ஏமாந்து அனுப்பும் பணம் இவன் பெயரில் வந்து இறங்கி, அதே நாளில் வேறு இடத்துக்குப் போய்விடும். போலீஸ் வந்து தட்டுவது கணக்குக்காரன் வீட்டுக் கதவை. ‘எனக்குத் தெரியாது சார்’ என்பது இனி எளிதில் எடுபடாது. 2024இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதிய பிரிவுகளைச் சேர்த்துவிட்டார்கள். ஏமாந்தவர்கள் உடனே அழைக்க 997 என்ற எண் 2022 முதல் இருக்கிறது. டீச்சரம்மா அதை வெண்பலகையின் மூலையில் எழுதி, ‘அழிக்காதே’ என்று கட்டம் கட்டியிருக்கிறார்.

அவருக்கு இதில் இத்தனை வெறி ஏன் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தார். சபையில் காணிக்கைப் பை ஏந்திய தம்பி ஒருவன் கார் வாங்கக் கடன் எடுத்தபோது பிணைக் கையெழுத்துப் போட்டவர் இவர். “எட்டு மாசம் ஒழுங்காக் கட்டுனான். அப்புறம் சிங்கப்பூர் போயிட்டான். கடுதாசி எனக்கு வந்துச்சு.” கூட்டுச் சீட்டு கட்டி எடுத்த பணமெல்லாம் அதற்கே போனதாம். உறையை என்னிடம் பிரித்துக் காட்டவில்லை. வகுப்பில் மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை பிரிப்பாராம்.

2017இல் சட்டம் திருந்தியபோது, சொந்த உபயோகத்துக்கான காருக்கோ படிப்புக்கோ வீட்டுக்கோ லாபம் எதிர்பாராமல் பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று ஆனது. நல்லதுதான். அதற்காகக் கடன் கரைந்துவிடாது. கொடுத்தவன் வழக்குப் போட்டுக் கேட்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் வேதாகமம் டீச்சரம்மாவைவிடக் கறார். நீதிமொழிகளில் 6, 11, 17, 22 என்று நான்கு அதிகாரங்களிலாவது பிறனுக்குப் பிணை நிற்காதே என்ற எச்சரிக்கை வருகிறது. இத்தனை வருடம் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். பிணையைப் பற்றி ஒன்றுகூட நினைவில் இல்லை. தசமபாகம் பற்றி நிறைய நினைவிருக்கிறது.

பழைய ஞானோபதேசம் இப்படி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழுக்குக் கொண்டுவந்தவற்றில் லுத்தரின் சிறிய ஞானோபதேசமும் உண்டு. 1529இல் அது எழுதப்பட்டதே, வீட்டுத் தலைவன் தன் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் கற்றுக்கொடுக்கத்தான். களவைப் பற்றிய கட்டளைக்கு அதில் உள்ள விளக்கம், பித்தலாட்டச் சரக்கு விற்பதையும் களவோடு சேர்க்கிறது. அத்தோடு விடாமல், அயலானின் உடைமையைக் காக்கத் துணை நில் என்றும் கேட்கிறது. கணவன், மனைவி, எஜமான், கூலியாள் என்று அவரவர் கடமைக்குத் தனிப் பகுதியும் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம் இந்த மரபில் வந்ததுதான். (களவுக் கட்டளை கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் ஏழாவது, மெதடிஸ்ட்டுகளுக்கு எட்டாவது. இந்த வகுப்பில் மூன்று சபைப் பிள்ளைகள் இருப்பதால் பத்து நிமிடம் அந்தத் தகராறிலேயே போனது.)

‘இதெல்லாம் பெற்றோர் பார்க்க வேண்டியது, சபையின் வேலை ஆத்துமாவைக் கவனிப்பது’ என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூப்பர் சொன்னார். மரியாதைக்குரிய கருத்து. அந்தப் பெற்றோர் இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் அவர் ஒத்துக்கொண்டார்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் பக்கம் போனால் ஷா ஆலாமில் மான்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன். செயின்ட் கேப்ரியல் சபைச் சகோதரர்கள் 1959இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஏற்காட்டு மான்ட்ஃபோர்ட் பள்ளியை 1917இல் நிறுவிய அதே சகோதரர்கள். அங்கே வசதியானவர் வீட்டுப் பிள்ளைகள். இங்கே படிப்பு ஏறாத, வீட்டில் வழியில்லாத இளைஞர்கள். எந்த மதத்தவரும் சேரலாம். தங்க இடம் கொடுத்துக் கைத்தொழில் கற்றுத்தருகிறார்கள். அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும். என் கவலை ஒன்றுதான்: பற்றவைக்கக் கற்றவனுக்கும் முதல் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வரும்.

சம்பளம் என்றதும் டீச்சரம்மா ஒரு சம்பளச் சீட்டின் நகலை வட்டத்தில் சுற்றவிட்டார். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி பிடித்தம். முன்வரிசைப் பெண் ‘ஐயோ’ என்றாள்.

“அழாத. மொதலாளி அவரு பங்குக்கு 13 விழுக்காடு போடணும். எவ்ளோ?”

கைப்பேசிகள் வெளியே வந்தன. 221.

“‘சேமநிதி எதுக்கும்மா, முழுச் சம்பளத்தயும் கையிலயே தந்துடறேன்’னு ஒரு மொதலாளி அன்பாச் சொன்னா?”

கண்ணாடிப் பையன் எழுந்தான். “மாசம் 221 போச்சு டீச்சர்.”

“அதுக்கு என்னா சொல்லுவ?”

“முடியாதுண்ணே!” பதினொரு பேரும் சேர்ந்து கத்தியதில் கீழே பட்டறையில் ஸ்பேனர் சத்தம் ஒரு கணம் நின்றது.

பிடரி சொறிந்த பையன் மூன்றாவது தடவையில்தான் தேறினான். சிரிக்காமல், காரணம் சொல்லாமல், அண்ணனின் கண்ணைப் பார்த்து ஒரே வார்த்தை. காரணம் சொன்னால் அண்ணன் அந்தக் காரணத்தை உடைப்பான் என்பது டீச்சரம்மாவின் பாடம். அவன் வியர்த்து உட்கார்ந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

கிளம்பும்போது மாடிப்படி முனையில் வருகையாளர் புத்தகம் இருந்தது. பெயர், ஐசி எண், தொலைபேசி, கையெழுத்து. டீச்சரம்மாவிடம் பேசிக்கொண்டே நான்கு கட்டத்தையும் நிரப்பினேன். வகுப்பு முழுக்க வாயே திறக்காத சிறுமி ஒருத்தி என் தோள் பக்கமாக எட்டிப் பார்த்தாள்.

“ஐசி நம்பர் எதுக்கு அங்கிள் எழுதுனீங்க?”

“கட்டம் இருந்துச்சேம்மா.”

பேனாவை வாங்கினாள். அந்தப் பன்னிரண்டு எண்களையும் தாள் கிழிகிற அளவுக்கு அடித்துக் கறுப்பாக்கினாள். பிறகு, எனக்கு மேலே எழுதியிருந்தவர்களுடையதையும்.