புயல் அலைகளை வேடிக்கை பார்த்தல்

புயல் எச்சரிக்கை வந்ததும் கடல் சீற்றத்தைப் பார்க்கக் கரைக்குச் செல்வோர் உண்டு. சிறுசேரியை அடுத்த கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கரையும் இதற்கு விலக்கல்ல.

2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கி.மீ. வங்கக் கடல் புயல்களில் காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. எனவே மையத்துக்கு வடக்கே அது கடலிலிருந்து கரையை நோக்கி வீசி நீரைத் தள்ளும். தெற்கே கரையிலிருந்து கடலுக்கு வீசும். புயல் மாமல்லபுரத்தில் கரையேறினால் அலை மிகுவது கோவளம், சென்னைப் பக்கம்தான். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகச் சில நாள்களுக்கு முன்பே திறக்கப்பட்ட மரப்பாதை அப்புயலில் சேதமடைந்தது. கரையேறும் ஊரின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதி அடைவது தவறு.

முன்னறிவிப்பில் சொல்லப்படும் அலை உயரம் பொதுவாக உச்ச உயரம் அன்று. உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. 3 மீட்டர் என்று அறிவித்த கடலில் 5 மீட்டரைத் தாண்டும் தனி அலையும் எழக்கூடும். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பிறகு ஓய்வதும் இயல்பு. ஆகவே பத்து நிமிடம் நின்று பார்த்து "இதுவரைதான் வருகிறது" என்று கணிப்பது பயனற்றது. படம் எடுக்கப் பலரும் ஏறும் தூண்டில் வளைவே மிக மோசமான இடம்: பாசி படிந்த கற்கள், இடையில் பொந்துகள், விழுந்தால் பிடிமானம் இல்லை.

புயலே இல்லாமலும் ஆபத்து வரும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் தொலைவில் எழுந்து, உள்ளூர்க் காற்றின் அறிகுறியின்றி வந்து சேரும் அலையைக் கேரள மீனவர் கள்ளக்கடல் என்பர். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கும் எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் அத்தகைய எச்சரிக்கை வெளியான நாள்களில், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தனர்.