உங்களுக்குத் தெரியுமா? இரண்டு நாட்டுக்கு ஒரே துறைமுகம்!

'நார்த் சீ போர்ட்' துறைமுகத்தின் ஒரு முனை நெதர்லாந்தில், மறுமுனை பெல்ஜியத்தில். நீளம் சுமார் 60 கி.மீ. நிர்வாகம் ஒன்றே!

• இரு நாட்டுத் துறைமுகங்கள் இணைந்தது 2018-இல். பங்கு சரிபாதி.

• பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்குச் செல்லும் கடற்கப்பல்கள், நெதர்லாந்து மண்ணிலுள்ள டெர்னூசன் கப்பல் மதகுகளைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பெரிய கப்பல்களுக்கு 1968-இல் கட்டிய ஒரே மதகுதான் முன்பு வழியாக இருந்தது. அது பழுதானால் கெண்ட் பாடு திண்டாட்டம் என்ற நிலை! எனவே இரு நாடுகளும் செலவைப் பகிர்ந்து, 427 மீட்டர் நீளத்தில் இன்னொன்று கட்டினார்கள். 2024 அக்டோபரில் இரு நாட்டு மன்னர்களும் சேர்ந்தே திறந்துவைத்தார்கள்.

• இதற்கு முன்னோடி, டென்மார்க்கின் கோபன்ஹேகனும் ஸ்வீடனின் மால்மோவும். 2000-இல் இவற்றுக்கிடையே கடல்மேல் பாலம் வந்து படகுத்துறைப் பிழைப்பைப் பறித்தது. மறுவருடமே இவ்விரு நகரத் துறைமுகங்களும் ஒரே கம்பெனியாகிவிட்டன.