மின்கம்பி தலைக்கு மேலா, காலுக்குக் கீழா?

புதிதாக மனை பிரித்து வீடுகள் எழும்பும் நகர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே மின்சாரத்தைக் கம்பம் நட்டு மேலே கொண்டு செல்வதா, பள்ளம் தோண்டிப் புதைத்துக் கொண்டு செல்வதா? 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களைச் சாய்த்தது. அப்படியானால் எல்லாக் கம்பிகளையும் புதைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இயற்பியல் என்ன சொல்கிறது, பார்ப்போம்.

கம்பத்தில் செல்வது பெரும்பாலும் வெற்று அலுமினியக் கம்பி. அதற்குக் காப்பு எது? காற்றுதான்! உலர்ந்த காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியை மின்பொறி தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். தெருவுக்கு வரும் 11,000 வோல்ட்டைத் தடுக்கச் சில மில்லிமீட்டர் போதுமே என்று தோன்றும். ஆனால் கம்பி ஆடும், பறவைகள் அமரும். ஆகவே தள்ளித் தள்ளிக் கட்டுகிறார்கள். விலையில்லாத இந்தக் காப்பு, கம்பியின் சூட்டையும் தணிக்கிறது.

மண்ணுக்குள் இவ்வுதவிகள் இல்லை. ஈரமண் மின்சாரத்தைக் கடத்தும். எனவே புதைவடத்தில் கம்பியைச் சுற்றிப் பாலிஎதிலீன் காப்பு, உலோகத்திரை, வெளியுறை எல்லாம் தேவை. சூடும் எளிதில் வெளியேறாது. அதனால் அதே மின்னோட்டத்துக்குப் பருமனான கம்பி வேண்டும். செலவு ஏறுவது இதனால்தான்.

அறுந்த மேல்கம்பி கண்ணுக்குத் தெரியும். புதைவடத்தில் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? வடத்துக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்புவார்கள். பழுதான இடத்தில் அது எதிரொலிபோலத் திரும்பும். வேகம் நொடிக்கு 16 கோடி மீட்டர், திரும்ப 4 மைக்ரோ நொடி என்று கொள்வோம். போய்வந்த தூரம் 640 மீட்டர். பழுது 320 மீட்டரில். அங்கே தோண்டினால் போதும்! ஆயினும் தோண்டி, ஒட்டுப்போட்டு மூட நேரம் பிடிக்கும்.

வீடுகள் தள்ளித் தள்ளி உள்ள ஊருக்கு மேல்கம்பியே சிக்கனம். நெருக்கமான புதிய நகரில், அதுவும் கடலோரத்தில், புதைவடம் நல்லது. சாலை போடுமுன், குடிநீர்க் குழாய் பதிக்கும் நாளிலேயே திட்டமிட்டால் சாலையை மறுபடி வெட்ட வேண்டியதில்லை. தெருவோர மின்பெட்டியை மட்டும் வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும்.

மாணவர்களே, எந்த முறையிலும் ஆபத்து உண்டு. அறுந்து கிடக்கும் கம்பியையோ, மழைநீரில் நிற்கும் மின்பெட்டியையோ நெருங்காதீர்கள். பிறரையும் தடுத்து நிறுத்தி, மின்வாரியத்துக்கு உடனே தெரிவியுங்கள்.