விருந்தாளி நட்சத்திரம் வந்த வருஷம்

"இடைக்காலத்தில் ஏதாவது ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்" என்றார் ஆசிரியர். நான் 1054-ஐ எடுத்தேன். போர், மதச் சண்டை, மன்னர்களின் சாவு என்று சரக்குக்குப் பஞ்சமில்லாத வருஷம். ஆனால் படிக்கப் படிக்க அவையெல்லாம் ஒதுங்கிக்கொண்டன. கண்ணில் நின்றது ஒரு நட்சத்திரம்தான்.

ஜூலை 4, விடிவதற்கு முன், கிழக்கு வானம். ரிஷபத்தின் கொம்பு நுனியருகே, அதுவரை வெறிச்சோடிக் கிடந்த இடத்தில் பளீரென்று ஒரு புள்ளி. சீனாவில் சோங் அரசின் வானியல் அலுவலர்கள் அதைக் குறித்துவைத்தார்கள். 23 நாள் பட்டப்பகலிலேயே, வெள்ளியைப் போலத் தெரிந்தது. பிறகு மெல்ல மங்கி, 1056 ஏப்ரலில்தான் இரவு வானத்திலிருந்தும் விடைபெற்றது. சொல்லாமல் வந்து, சில காலம் தங்கி, கிளம்பிப் போகிற இந்த ஜாதிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'விருந்தாளி நட்சத்திரம்'.

ஆகஸ்ட் கடைசியில் யாங் வெய்தெ என்ற வானியல் அதிகாரி பேரரசருக்கு அறிக்கை கொடுத்தார். நட்சத்திரம் மஞ்சளாக ஒளிர்கிறதாம். நாட்டில் பெரிய மேதை ஒருவர் இருப்பதற்கு அடையாளமாம். அதிகாரி எந்தக் காலத்திலும் அதிகாரிதான். பலனை விட்டுத்தள்ளுங்கள், பார்த்ததை எழுதினாரே, அது போதும்.

அதே ஜூலை 16. கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோபியா தேவாலயத்துக்குள் ரோமிலிருந்து வந்த கர்தினால் ஹம்பர்ட் நுழைந்து, அந்நகரப் பேராயர் மைக்கேல் கெருலாரியஸைச் சபையிலிருந்து விலக்கும் ஆணையைப் பலிபீடத்தின் மேல் வைத்துவிட்டு வெளியேறினார். பூசைக்குப் புளித்த மாவு ரொட்டியா, புளிக்காததா என்பதும் சண்டைக்கு ஒரு காரணம். இதில் வேடிக்கை, யார் பெயரால் ஆணை வந்ததோ அந்தப் போப் ஒன்பதாம் லியோ ஏப்ரலிலேயே காலமாகியிருந்தார். இரு தரப்பும் பரஸ்பரம் போட்ட விலக்கு 1965 டிசம்பரில்தான் நீங்கியது. அந்த வருஷத்தின் பெரிய சம்பவம் இதுதான் என்று சரித்திரக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். என் கேள்வி வேறு. அன்று காலை அவர்கள் தலைக்கு மேல் பகல் வெளிச்சத்தில் ஒரு நட்சத்திரம் நின்றுகொண்டிருந்ததே, யாராவது அண்ணாந்து பார்த்தார்களா? ஒருவர் எழுதியிருக்கிறார். அப்போது அந்த நகரத்துக்கு வந்திருந்த பாக்தாத் மருத்துவர் இப்னு புத்லான். அவரும் அங்கே பரவிய கொள்ளைநோயோடு அதை முடிச்சுப் போட்டுவிட்டார். ஐரோப்பாவில் ஓரிரு மடத்துக் குறிப்புகள் இந்த நட்சத்திரத்தைத்தான் சொல்கின்றன என்று வாதிடுவோர் உண்டு, உறுதியில்லை.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? கொப்பத்தில் சாளுக்கியரோடு நடந்த போரில் ராஜாதிராஜ சோழன் யானை மேலேயே உயிர்விட்டதும், தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அந்தக் களத்திலேயே முடிசூடிக்கொண்டதும் இதே 1054 என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம் (இரண்டு வருஷம் முந்தி என்பாரும் உண்டு). 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று அண்ணனுக்குப் பெயரும் நிலைத்துவிட்டது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு, அதுவும் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள் நாம். பகலில் எரிந்த விளக்கைப் பற்றி ஒரு வரி சிக்கவில்லை.

ஆனால் ஒன்று, அவர்கள் எழுதாவிட்டாலும் பார்த்திருப்பார்கள். தினமும் பார்த்த வானம் அது. பழைய முகங்கள் தெரிந்த வீட்டில்தானே வந்திருப்பது விருந்தாளி என்று தெரியும்? ரிஷபம் எது, ரோகிணி எது என்றே தெரியாதவனுக்குப் புதிதாக ஒன்று வந்தால் என்ன, இருந்த ஒன்று போனால் என்ன! 2019 கடைசியில் திருவாதிரை பாதிக்கு மேல் மங்கியபோது உலகமெங்கும் வானியலாளர்கள் பரபரத்தார்கள். என் தெருவில் ஒருவரும் கவனிக்கவில்லை, நான் உள்பட. செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பார்க்க நினைத்தாலும் தெருவிளக்குகள் விடுவதில்லை. சோடியம் விளக்கின் மஞ்சள் போய் எல்.இ.டி. வெள்ளை வந்தபின் இன்னும் மோசம். அதிலுள்ள நீலம் காற்றில் அதிகம் சிதறி வானத்தையே வெளுக்க வைக்கிறது. வெளிச்சம் இருந்தால்தான் பெண்கள் பயமில்லாமல் நடக்க முடியும் என்பார்கள். சரிதான். ஆனால் தெருவில் விழவேண்டிய வெளிச்சத்துக்கு மேகத்தின் அடிவயிற்றில் என்ன வேலை? லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருட்டுக்கென்றே ஒரு காப்பகம் ஏற்பட்டது. புலிக்குக் காப்பகம் வைத்த மாதிரி.

1054-இல் வெடித்துச் சிதறுவது தெரிந்த அந்த நட்சத்திரத்தின் மிச்சம்தான் இன்றைய நண்டு நெபுலா. சுமார் 6,500 ஒளியாண்டு தூரம். 1968-இல் அதன் நடுவே ஒரு பல்சாரைக் கண்டுபிடித்தார்கள். நொடிக்கு 30 தடவை சுற்றுகிறது. நெபுலா வெறும் கண்ணுக்குத் தெரியாது. இடத்தையாவது காட்டலாமே என்று போன தை மாதம் பேரனை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். எதிரே கல்யாண மண்டபம், முகப்பில் நான்கு ஃபிளட்லைட், நான்கும் வானத்தைப் பார்த்து. கார்த்திகையின் ஆறு நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிறிய மங்கல்தான். கையை மறைப்பாக வைத்துக்கொண்டு ரோகிணியைப் பிடித்தேன். அங்கிருந்து கிழக்கே விரலை நகர்த்திக் கொம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, "தாத்தா, புது நட்சத்திரம்!" என்று கத்தினான்.

அது மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.